ஏழுமலையின் தலையில் இருந்த வெள்ளைப் புள்ளி

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் லேபிலிருந்து போன் வராத வாரம் என்று ஒன்று இன்னும் வரவில்லை. பீரோ சாவி எங்கே, பழைய டிஸ்க் எங்கே, அந்த ஃபைலுக்கு என்ன பாஸ்வேர்ட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். போன மாதம் நிவேதா கூப்பிட்டாள். என் நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி.

"மேடம், புது சாஃப்ட்வேர் வந்துடுச்சு. ஸ்கேனைப் போட்டா இருபது நிமிஷத்துல ரிப்போர்ட்டே வந்துடுது. ஆனா நம்ம ஃபார்ம்ல 'பார்த்தது', 'நினைத்தது'ன்னு ரெண்டு கட்டம் இருக்கே, அதை நாமளே டைப் பண்ணாம ஃபார்ம் நகரவே மாட்டேங்குது. தூக்கிடலாமா? யார் மேடம் இதை வெச்சது?"

"நான் பண்ணின ஒரு தப்பு வெச்சது. தூக்கிப் பாரு, பஸ் ஏறி வந்து உதைப்பேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன். அதுதான் இது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. கணக்கு. கல்யாணம். பத்து வருடம் டியூஷன். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, முப்பத்தைந்து வயதில் இந்த லேபில் புரோகிராம் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் இருக்கிறது லேப். சேர்ந்த முதல் வாரம், மூளை எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க சேலையூர் மட்டன் கடையில் ஓர் ஆட்டு மூளை வாங்கி வந்தேன். அறுத்து, புத்தகத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டோம். சர்ச்சில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "மூளைக்குக் கணக்குப் போடுறேன்" என்பேன். "முதல்ல அது இருக்கணுமே" என்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்வார். அந்த மனுஷருக்கு இருபத்தைந்து வருடமாக அதே ஜோக்தான்.

வேலை இதுதான். வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு எந்த மாத்திரையும் கேட்காது. அவர்களுக்கு வலிப்பு மூளையில் ஏதோ ஓர் இடத்தில் கிளம்பி மற்ற இடங்களுக்குப் பரவுகிறது. அந்த இடம் இன்னதென்று உறுதியாகத் தெரிந்தால், அதை மட்டும் ஆபரேஷனில் எடுத்துவிடலாம். தெரிவதுதான் கஷ்டம். தாம்பரத்தில் ஒரு சிக்னல் கெட்டால், கொஞ்ச நேரத்தில் பல்லாவரத்தில் வண்டி நிற்கும், கிண்டியில் நிற்கும், எழும்பூர் வரைக்கும் நிற்கும். எல்லாம் நின்ற பிறகு போய்ப் பார்த்தால் முதலில் எது நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற இ.இ.ஜி.யிலும் அதே கதைதான்.

நாங்கள் அந்த ஆளின் மூளையைக் கம்ப்யூட்டருக்குள் எண்பது சொச்சம் துண்டாகப் பிரிப்போம். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சமன்பாடு. அங்கே இருக்கிற செல்கள் எவ்வளவு வேகமாக உசுப்பேறுகின்றன என்பதற்கு ஒன்று, எவ்வளவு வேகமாக அடங்குகின்றன என்பதற்கு ஒன்று. எந்தத் துண்டு எந்தத் துண்டோடு எவ்வளவு தடிமனான நரம்புப் பாதையால் சேர்ந்திருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலிருந்து எடுத்துக்கொள்வோம். இது தவிர ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் உண்டு. லேபில் அதற்குச் 'சூடு' என்று பெயர். சூடு ஏறின துண்டு தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டை ஏற்றி இறக்கி, கம்ப்யூட்டர் போடுகிற அலை அந்த ஆளின் நிஜ இ.இ.ஜி. அலை மாதிரியே வரும்வரை ஓட்டுவோம். வந்ததும், சூடு அதிகமான துண்டை மாடலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவோம். வலிப்பு வரவில்லை என்றால், சந்தேகம் இந்த இடத்தின் மேல் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதுவோம். முடிவு டாக்டர்களுடையது. நாங்கள் பத்தோடு பதினொன்று.

எங்கள் தலைவர் எபனேசர் சார். கணக்குப் பேராசிரியர், ஒல்லியான மனிதர், மெல்லிய குரல், மேஜை மேல் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கத்துகிற ஆளாக இருந்தால் நாமும் வெளியே வந்து நாலு வார்த்தை முணுமுணுத்து மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவர், "கிரேஸ், எழுதினதை ஒரு தடவை சத்தமா படிங்க" என்பார். நாம் எழுதினதை நாமே சத்தமாகப் படிக்கும்போது தப்பு இருக்கிற இடத்தில் நாக்கு இடறும். அவர் ஒன்றுமே சொல்லத் தேவையில்லை.

"மாடல் சொல்லுது" என்று அவர் முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. "இந்த எண்களை இப்படி வெச்சா இப்படி வருது" என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். ஒவ்வொரு கேஸிலும் கம்ப்யூட்டரை ஓட விடுவதற்கு முன்னால், ஏதாவது ஒரு துண்டை எடுத்து, முதல் ஒரு மில்லி விநாடிக்கான கணக்கைக் காகிதத்தில் பென்சிலால் போட வேண்டும். கம்ப்யூட்டர் தருகிற விடையும் அதுவும் நாலு தசம இடம் ஒத்துப்போக வேண்டும். சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. நான் ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டேதான் செய்தேன், ஒரு தடவையும் செய்யாமல் விட்டதில்லை.

இப்போது அந்தப் புள்ளிக்கு வருகிறேன். மூளையின் இரண்டு பக்கமும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஸ்கேன் படத்தை ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திரும்பிவிட்டால், படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்காக ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆளைப் படுக்க வைப்பதற்கு முன்னால், வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி இருக்கிற பக்கம் வலப்பக்கம். எங்கள் நோட்டில் ஒவ்வொரு கேஸின் முதல் வரியும் அந்தப் புள்ளியைப் பற்றித்தான்.

ஒரு தடவை ஒரு டிஸ்கில் புள்ளி இடப்பக்கம் இருந்தது. படத்தோடு வரும் குறிப்போ எல்லாம் சரி என்றது. நான் விடவில்லை. ஸ்கேன் எடுத்தவர்களைப் போனில் பிடித்துத் துளைத்து எடுத்ததில், படத்தை மாற்றும்போது திரும்பிவிட்டது என்று ஒத்துக்கொண்டார்கள். எபனேசர் சார் டீ நேரத்தில் எல்லார் முன்னாலும், "இன்னிக்கு கிரேஸ் ஒரு ஆளோட மூளையைக் காப்பாத்திட்டாங்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து இட்லி மாவை எடுத்து வைக்கும்போது கூட அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் ஏழுமலையின் டிஸ்க் வந்தது.

ஏழுமலைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை. பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. மாதத்தில் ஏழெட்டுத் தடவை வரும், வந்தால் நின்ற இடத்தில் விழுவான். அவனைப் பார்த்துவந்த நரம்பியல் டாக்டர் பத்மினி எங்களுக்கு எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார். இ.இ.ஜி.யில் அலை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்தது. ஸ்கேனில் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு ஒன்றும் இல்லை. மற்ற பரிசோதனைகளும் அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி. காதுக்கு மேலே இருக்கிற பகுதிதான் என்று தெரிகிறது, எந்தக் காது என்று தெரியவில்லை. இதுதான் கேள்வி. வலது என்றால் ஆபரேஷன் சுலபம். இடது என்றால் பேச்சு அங்கேதான் இருக்கிறது, கை வைப்பது ஆபத்து.

டிஸ்கைத் திறந்தேன். புள்ளி இடப்பக்கம் இருந்தது.

பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறுபடியும் கண்டுபிடித்துவிட்டேன்! படத்தோடு வந்த குறிப்பு சரியாக இருக்கிறது என்றது. போன தடவையும் அது அப்படித்தானே சொன்னது? ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட வேண்டும் என்று நினைத்தேன், போடவில்லை. படத்தை இடம் வலமாகத் திருப்ப ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். போட்டேன். புள்ளி ஒழுங்காக வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. நோட்டில் எழுதினேன்: "புள்ளி இடப்பக்கம். படம் திரும்பியிருக்கிறது. சரிசெய்தேன்."

மூன்று வாரம் அந்த மாடலோடு குடும்பம் நடத்தினேன். பென்சில் கணக்கு நாலு இடமும் ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் என்ன, கணக்குக்கு இடமும் வலமும் ஒன்றுதான். அலை இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால், பக்கத்தைத் தீர்மானித்தது நரம்புப் பாதைகளின் தடிமன் மட்டுமே. அந்தத் தடிமன் ஸ்கேனிலிருந்து வந்தது. விடை வலப்பக்கம் என்று வந்தது. அந்தத் துண்டை எடுத்தால் வலிப்பு நின்றது. ரிப்போர்ட் போனது. ஊசலாடிக்கொண்டிருந்த டாக்டர்கள் எங்கள் காகிதத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று.

அந்த வாரம் திங்கட்கிழமை பத்மினி டாக்டர் போன் செய்தார். "கிரேஸ், பேஷண்ட் ரொம்ப பயப்படறார். மூளையைக் கம்ப்யூட்டர்ல வெச்சிருக்காங்கன்னு சொன்னேன், பார்க்கணுங்கறார். அனுப்பட்டுமா?"

பதினோரு மணிக்கு ஏழுமலை வந்தான். கூட மனைவி செல்வி, அவள் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். ஏழுமலை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான்.

"அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா பாத்துக்கலாம்னு வந்தேன் மேடம். நம்ம மண்டைய நாமளே பாக்கலன்னா எப்டி?"

குழந்தை அவனைப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் அதன் விரலை மட்டும் பிடித்துக்கொண்டான். வாங்கிக்கொள்ளவில்லை. நான் பார்ப்பதைக் கவனித்து அவனே சொன்னான். "நின்னுகினு தூக்கக் கூடாது மேடம். எப்ப வுழுவேன்னு தெரியாது. பொறந்ததுலேந்து ஒரு தபா கூட நின்னுகினு தூக்கல. தரையில குந்திகினு மடியில வெச்சிப்பேன், அவ்ளோதான்."

"வியாழக்கிழமை முடிஞ்சிரும்" என்றாள் செல்வி.

படத்தைத் திரையில் போட்டேன். முகம், கண், காது எல்லாம் இருக்கிற முழுத் தலைப் படம். சுற்றிக் காட்டினேன். அவனுக்கு ஒரே குஷி. "இதாண்டி நானு" என்று செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம் திரையில் விரலை வைத்தான்.

"இது இன்னா மேடம், பட்டாணி மாரி வெள்ளையா?"

"அது உங்க நெத்திப்பொட்டுல ஒட்டின மாத்திரை. வலது பக்கத்துக்கு அடையாளம்."

"ரைட்டா? எனுக்கு இந்தாண்ட இல்ல ஒட்னாங்கோ?" அவன் இடது நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினான்.

"இல்ல, வலது பக்கம்தான் ஒட்டுவாங்க. படுத்திருக்கும்போது இடது வலது குழம்பும், நீங்க மறந்திருப்பீங்க."

"இன்னா மேடம் நீங்க, என் மண்டை எனுக்குத் தெரியாதா?"

"ஏழுமலை, நான் இருபத்தோரு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன்."

இதை நான் சொன்னேன். அந்தக் குரலில்தான் சொன்னேன். நிவேதா, இதைப் படிக்கும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நில்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. வலது பக்க முடியை ஒதுக்கி என் பக்கம் குனிந்தான். நெற்றிப்பொட்டிலிருந்து காது வரைக்கும் புதுத் தழும்பு, இரண்டு பக்கமும் தையல் போட்ட தடம். "ஸ்கேனுக்கு நாலு நாள் முன்னாடி கடையில வுழுந்து தராசு முனை குத்திகிச்சு. ஏழு தையலு. அங்க எப்டி ஒட்டுவாரு? பிளாஸ்திரி இழுத்தா தையல் பிச்சிக்கும்னு அந்த ஆளு இந்தாண்ட ஒட்னாரு. ஒட்டிட்டு ஏதோ சீட்டுல எழுதிகினாரு."

சீட்டு ஆஸ்பத்திரிக் கோப்பில் எங்கோ இருந்தது. எங்களுக்கு வந்தது டிஸ்க் மட்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படம் திரும்பவே இல்லை. திருப்பினவள் நான்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு எபனேசர் சார் அறைக்குப் போனேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் எழுந்து என்னோடு வந்தார். ஏழுமலைக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தழும்பைப் பார்த்தார், மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். செல்வி தன் போனை எடுத்தாள். "நான் போட்டோ புட்ச்சேன் சார். ஸ்கேன் முடிஞ்சி சட்ட மாட்டிகினு வெளிய வந்தாரு, அந்த மாத்திரைய எடுக்கவே இல்ல. பாக்க சிரிப்பா இருந்திச்சு." படத்தில் ஒரு பக்கம் பெரிய கட்டு, மறு பக்கம் மஞ்சள் மாத்திரை, நடுவில் ஏழுமலையின் அசட்டுச் சிரிப்பு.

சார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. போன் போட்டோவும் சில சமயம் திரும்பியிருக்கும். பெரிதாக்கிப் பார்த்து, "சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கு, கிரேஸ்?" என்றார். மாத்திரை இருந்த அதே பக்கம். ஆண்கள் சட்டையில் பை இடப்பக்கம்தான் இருக்கும்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "எங்க பக்கம் தப்பு நடந்திருக்கு. நாங்க சொன்ன பக்கம் தப்பா இருக்கலாம். வியாழக்கிழமை ஆபரேஷன் நடக்கக் கூடாது. நான் இப்பவே டாக்டர்கிட்ட பேசுறேன்."

செல்விதான் முதலில் பேசினாள். "மொதல்ல ரைட்டுன்னீங்கோ. இப்ப லெப்டுன்றீங்கோ. நாளைக்கு நடுவுலன்னு சொல்லுவீங்களா?" குரல் உயர்ந்ததில் குழந்தை அழ ஆரம்பித்தது. "அந்த மாத்திரைய அவரு பாக்காம இருந்தா அறுத்திருப்பீங்கோ இல்ல? வேற பக்கம் அறுத்திருப்பீங்கோ இல்ல?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஏழுமலை அவளைச் சமாதானப்படுத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திரையைப் பார்த்தபடி, "அப்ப இன்னிக்கு வந்தது நல்லதா போச்சா, பேஜாரா போச்சா மேடம்?" என்று கேட்டான்.

அவர்கள் போன பிறகு சார் என் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். "சத்தமா படிங்க" என்றார். படித்தேன். புள்ளி இடப்பக்கம். படம் திரும்பியிருக்கிறது. சரிசெய்தேன்.

"இதுல எதை நீங்க பார்த்தீங்க?"

"முதல் வரி சார்."

"ரெண்டாவது?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. "நினைச்சேன் சார்."

அவர் பென்சிலால் இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரம் ஃபார்மில் அந்த இரண்டு கட்டங்களும் வந்தன. நிவேதா கேட்டதற்கு இதுதான் பதில்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வைத்தார். நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன்: ஸ்கேன் இடத்தில் போன் எடுக்கவில்லை, சீட்டு எங்களுக்கு வரவில்லை, முன்பு ஒரு தடவை இப்படி நடந்திருக்கிறது. அதை வாங்கி மடித்து வைத்துவிட்டார். "காரணம் வேண்டாம். என்ன தப்பு, எப்படித் தெரிஞ்சது, இப்ப அவங்க எதை நம்பக் கூடாது. மூணு வரி போதும்." மூன்று வரி எழுதினேன். கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே அவருடையது. பத்மினி டாக்டர் போனில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். கடைசியில் மூச்சு வாங்கி, "வியாழக்கிழமைக்கு முன்னாடி சொன்னீங்களே" என்று வைத்துவிட்டார். நான் வண்டலூர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல் அழுதேன்.

திருப்பாத படத்தை வைத்து மறுபடி ஓட்டினோம். இடப்பக்கம் வந்தது. இந்தத் தடவை டாக்டர்கள் எங்கள் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, அது நியாயம்தான். மண்டையில் சின்னத் துளைகள் போட்டு, மெல்லிய ஒயர்களை உள்ளே விட்டு, ஆறு நாள் காத்திருந்து பார்த்தார்கள். இடது காதுக்கு மேலே, பேச்சுக்கு அடுத்த வீட்டில்தான் வலிப்பு கிளம்பியது. எடுத்தால் வலிப்பு நிற்க வாய்ப்பு உண்டு, ஆனால் பொருள்களின் பெயர், ஆட்களின் பெயர் எல்லாம் நினைவிலிருந்து நழுவலாம் என்று பத்மினி டாக்டர் சொன்னார். எவ்வளவு நழுவும் என்று யாராலும் சொல்ல முடியாது. யோசித்துச் சொல்லச் சொல்லி அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து ஏழுமலை தனியாக லேபுக்கு வந்தான். வரக் கூடாது, வழியில் விழுந்தால் யார் இருக்கிறார்கள்? திட்டினேன். அவன் காதில் வாங்கவில்லை.

"மேடம், உங்க கம்ப்யூட்டர்ல அந்த எடத்த எடுத்துட்டுப் பாத்தீங்கோ இல்ல, வலிப்பு வருதான்னு?"

"பார்த்தோம். வரல."

"அதே மாரி பேச்சு வருதான்னு பாத்துச் சொல்லுங்களேன். மார்க்கெட்ல நானு கத்தலன்னா யாவாரம் இல்ல மேடம். காய் பேரு வாயில வரணும்."

எண்பது சொச்சம் துண்டு, நூற்று அறுபது சொச்சம் சமன்பாடு, அத்தனையையும் நான் மனப்பாடமாகச் சொல்வேன். அதில் 'கத்திரிக்கா' என்ற ஒரு வார்த்தைக்கு இடம் இல்லை. "ஏழுமலை, இதுல வலிப்பு மட்டும்தான் இருக்கு. பேச்சை எப்படி எழுதறதுன்னு எங்களுக்குத் தெரியாது" என்றேன். அத்தனை வருட வேலையில் அவ்வளவு கையாலாகாதவளாக நான் நின்றது அன்றைக்குத்தான்.

அவன் தலையாட்டினான். "போன வாரம் பாப்பா நடக்க ஆரம்பிச்சிச்சு மேடம். என் காலக் கட்டிகினு 'தூக்கு தூக்கு'ன்னு கைய நீட்டிச்சு. செல்வி வந்து தூக்கிகினு போயிடுச்சு" என்றான். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை, அவன் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாக டாக்டர் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் நான் மார்க்கெட் பக்கமே போகவில்லை. காய்கறியெல்லாம் சேலையூரிலேயே வாங்கினேன். தைரியம் இல்லை, அவ்வளவுதான். வலிப்பு வரவில்லை என்று பத்மினி டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சொல்வார். பேச்சு எப்படி என்று நான் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். ஓய்வு பெற்ற வாரம் மனசு கேட்காமல் ஒரு காலை வேளையில் போனேன்.

செல்வி கத்திக்கொண்டிருந்தாள். தக்காளி, முருங்கை, கருணை என்று மூச்சு விடாமல். என்னைப் பார்த்ததும் ஒரு விநாடி நிறுத்தினாள், அப்புறம் மறுபடி கத்தினாள். கடைக்கு முன்னால் ஏழுமலை நின்றுகொண்டிருந்தான். ஒரு கையால் பையில் வெண்டைக்காயை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு கையில், இடுப்பில், குழந்தை.

அவனுக்கு என்னைத் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "வா மேடம், வா" என்றான். பெயர் சொல்லவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "பாப்பா பேரு என்ன?" என்று அவனிடம் கேட்டுவிட்டேன். கேட்ட அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் வாயைத் திறந்தான். வரவில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்தான். கண்ணை மூடித் தேடினான். செல்வி கத்துவதை நிறுத்திவிட்டாள், ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

குழந்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதருகே வாயை வைத்து, தினமும் செய்கிற காரியம் போல, "யாழினிப்பா" என்றது.

"ஆ, யாழினி" என்றான் ஏழுமலை. அவளை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வெண்டைக்காயைத் தராசில் வைத்தான்.